ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு இலவசம்

பிப்ரவரி 11

ராங்கி அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. போனில் பேசினால் நான் சிரிக்கிறேன், நீ வைத்துவிடுகிறாய். ஆகவே ஞாயிற்றுக்கிழமை போன் பிள்ளைகளுக்கு, நம் இருவருக்கும் தபால் என்று நீ போட்ட சட்டம் நல்ல சட்டம்தான். தபாலில் யாரும் குறுக்கே பேச முடியாது. தபால்காரர் மட்டும் நமக்குள் ஏதோ வழக்கு நடக்கிறது என்று நினைக்கிறார். முழுக்கத் தவறு என்று சொல்லவும் முடியவில்லை.

உன் மருத்துவமனைப் பள்ளிக்கூடத்தில் ஊழியர் ஒருவருக்கு ஒரு பிள்ளை என்று இடம் தருகிறார்கள், ஜூனில் ராங்கியை அங்கே அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உருண்டை என்னிடமே இருப்பான். அதாவது ஜோடிச் செருப்பில் ஒன்றை நீ எடுத்துக்கொள்கிறாய். வேண்டாம் என்கிறேன். பாதிச் சம்பளத்தில் வீட்டில் உட்கார வைக்கப்பட்ட ஆள் பிள்ளைகளுக்கு என்ன சந்தோஷத்தைக் காட்டிவிடுவார் என்று நீ எழுதவில்லை. ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவே அது இருந்தது. பதில் கீழே.

வாரம் தவறாமல் வெளியே போகிறோம். மிருகங்களைப் பார்க்கப் பணம் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கால்நடை மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கள் நாய் உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கட்டணம். நாய்கள், ஒரு கிளி, ஓட்டில் கட்டுப் போட்ட ஓர் ஆமை என்று ஒரே காலையில் பார்த்துவிட்டோம். கம்பவுண்டர் உருண்டையிடம் உங்கள் நாய்க்கு என்ன என்று கேட்டார். "செத்துப்போச்சு" என்றான். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள்.

மொத்த மீன் சந்தைக்கு மீன் காட்சியகம் என்று சொல்லி அழைத்துப் போனேன். எல்லாம் தூங்குகிறதா என்று ராங்கி கேட்டாள். ஆமாம் என்றேன். உருண்டை ஒவ்வொரு கூடைக்கும் குட்நைட் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டு பெண்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு அவனுக்குப் பதில் குட்நைட் சொன்னார்கள். குடிநீர் வாரியத்தின் குளத்தில் வாத்துகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கட்டணம் இல்லை.

நேற்று மிருகக்காட்சிசாலை. மூன்று பேரும் ஒரே டிக்கெட்டில் ஒரு பகல் முழுக்கச் சுற்றினோம். நீர்யானை வாயைத் திறந்தபோது உருண்டை தன் பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். மாலையில் நீ அழைத்தபோது எடுக்க முடியவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஒரு சின்ன விஷயம். அங்கே யாரோ ஒருவர் பிள்ளையைத் தொலைத்துவிட்டார். ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பெயர்கூடச் சொல்லத் தெரியாத குழந்தையாம். எப்படித்தான் வளர்க்கிறார்களோ. கடைசியில் கிடைத்துவிட்டதாகக் கேள்வி. ராங்கி போனில் அதைப் பற்றி ஏதாவது சொன்னால் பயந்துவிடாதே. அது வேறு யாருடைய கதையோ.

ஆக, பிள்ளைகள் குறையில்லாமல் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்படியே பதில் எழுதிவிடு.

ராங்கி அப்பா


பிப்ரவரி 18

ராங்கி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். மீன் சந்தைப் பகுதியை அறையில் உடன் இருக்கும் நர்ஸுக்குப் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். உன் புருஷன் நல்ல தமாஷ் பேர்வழி என்றாள். இரண்டாவது முறை படித்தது நேற்று ராங்கியோடு பேசி முடித்த பிறகு.

மிருகக்காட்சிசாலையில் என்னடி பார்த்தாய் என்று கேட்டேன். "ஒரு ரூம் பாத்தேன்" என்றாள். ரூமுக்குள் என்ன மிருகம் என்றேன். மிருகம் இல்லையாம். ஃபேன் இருந்ததாம், மைக் இருந்ததாம், ஓர் அத்தை பிஸ்கட் கொடுத்தாராம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பெருமையோடு சொன்னாள்: "நான் நல்லா நாலா இருந்தேன்மா."

எனக்குப் புரியவில்லை. நாலு என்றால் என்ன என்று கேட்டேன்.

"நாலு வயசு. ஒண்ணுமே சொல்லல."

அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. "அம்மா, நான் எப்ப ஆறு ஆகலாம்? அப்பாவைக் கேக்கணுமா?"

உடனே போன் உங்கள் கைக்கு வந்தது. சிக்னல் சரியில்லை என்றீர்கள். அதே சிக்னலில் உருண்டையின் இருமல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவனுக்கு நெஞ்சில் சளி இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று பேருக்கும் ஒரே டிக்கெட் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உருண்டைக்கு மூன்று வயது, சரி. ராங்கிக்கு என்ன வயது என்று வைத்து உள்ளே போனீர்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் பூசணிக்காயைக் கடிதத்தில் வைத்து, "பயந்துவிடாதே, அது வேறு யாருடைய பூசணிக்காயோ" என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

கேள்வி ஒன்றுதான். பிள்ளையைத் தொலைத்த அந்த ஆள் யார்?

ராங்கி அம்மா


பிப்ரவரி 23

ராங்கி அம்மாவுக்கு,

உருண்டைக்கு மருந்து வாங்கிவிட்டேன். சளி குறைந்திருக்கிறது.

எங்கள் எடையளவுத் துறையில் ஒவ்வொரு தராசுக்கும் இவ்வளவு பிழை இருக்கலாம் என்று ஓர் அனுமதி உண்டு. உலகத்தில் அப்பழுக்கில்லாத தராசு கிடையாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ராங்கி நாலு வயதாக இருந்தபோது எங்களுக்கு அந்த வாசலில் பழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் வளர்ந்தாள், சம்பளம் பாதியானது. இரண்டும் என் கையில் இல்லை. வாசலில் கேட்டால் நாலு என்று சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான். நாலு வயதுக் குழந்தை மாதிரி இரு, ரொம்பத் தெரிந்த மாதிரி பேசாதே என்றும் சொல்லியிருக்கலாம். ஊரில் பாதிப் பெற்றோர் செய்வது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம், அவள் கொஞ்ச நேரம் கண்ணில் படவில்லை. கிடைத்துவிட்டாள். கிடைத்த பிள்ளையைத் தொலைந்த பிள்ளை என்று சொல்வது மொழிக்கே பொருந்தாது.

நான் ஏன் பாதிச் சம்பளத்தில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பெரிய இடத்துக் கடையின் தராசுக்குச் சீல் வைத்தேன். அவர்கள் எனக்குச் சீல் வைத்தார்கள். விசாரணை முடியும் வரை இப்படித்தான். அப்போது "சரியாத்தான் செஞ்சீங்க" என்று சொன்னவள் நீ. பிறகு பெட்டியைக் கட்டியவளும் நீ.

பொய்யைப் பற்றி எழுதுகிறாய். கிளம்பும்போது ராங்கியிடம் பத்துத் தூக்கம் தூங்கினால் அம்மா வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அவள் தூங்கி எழுந்து விரலை மடக்கினாள். பத்து விரலும் மடங்கிய காலையில் அந்த இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து காட்டினாள். பள்ளிக்கூட நாள் தூக்கம் கணக்கில் வராது என்றேன். உன் சுவர் சாயாமல் இருக்க நான் கொடுத்த முட்டு அது. அதற்கு நீ எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ராங்கி அப்பா


பிப்ரவரி 28

ராங்கி அப்பாவுக்கு,

பத்துத் தூக்கம் பட வேண்டிய இடத்தில் பட்டது. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். எந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது வயது. அதற்கேற்பத்தான் மருந்தின் அளவு, ஊசியின் அளவு, மூச்சுக்குழாயின் அளவு எல்லாம். அன்று அந்தப் பூங்காவில் அவள் விழுந்திருந்தால், ஏதாவது கடித்திருந்தால், ஆஸ்பத்திரியில் என்னைப் போல ஒருத்தி குனிந்து கேட்டிருப்பாள். நம் பெண் வலியோடு, அப்பா சொல்லிக்கொடுத்தபடி, நாலு என்று சொல்லியிருப்பாள்.

அனுமதிக்கப்பட்ட பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறில் இரண்டு குறைகிறது. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து நிறுக்கிற கடைக்காரனை நீங்கள் என்ன செய்வீர்கள்? அவன் ஊரில் பாதிக் கடைக்காரர்கள் செய்வது என்று சொன்னால்?

அவளுடைய டீச்சருக்கு போன் செய்தேன். போன வாரம் வகுப்பில் உயரம், எடை எடுத்திருக்கிறார்கள். வயதைச் சொல்லு என்றதற்கு, "எந்த வயசு டீச்சர்?" என்று கேட்டாளாம். டீச்சர் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். உங்களோடு இத்தனை வருடம் இருந்ததில் அது ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மொழிக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, அன்று நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்கள். தமாஷ் எழுதினால் பாதியில் கிழித்துப் போடுவேன்.


மார்ச் 5

ராங்கி அம்மாவுக்கு,

எழுதுகிறேன்.

நீர்யானைத் தொட்டிக்குப் பக்கத்தில், காசு போட்டு எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். உருண்டையை ஏற்றினேன். அவன் எடை எனக்குத் தெரியும். மெஷின் அதிகமாகக் காட்டியது. இறக்கி மறுபடி ஏற்றினேன், வேறு எடை காட்டியது. குனிந்து முத்திரையைத் தேடினேன். போன வருடத்து முத்திரைகூட இல்லை. எனக்கு இப்போது அதிகாரம் எதுவும் கிடையாது, ஆனாலும் கேட்டேன். அவன் என்னை யார் என்று கேட்டான். நான் யார் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது ராங்கி இல்லை.

முதலில் குரங்குக் கூண்டுக்குப் போனேன், அது அவளுக்குப் பிடித்த இடம். பிறகு பாம்புகள், பிறகு பறவைகள். உருண்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினேன். அவன் குதிரை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக என்றான். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை, மஞ்சள் சட்டை, தன் பெயரோ அப்பா பெயரோ சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் அலுவலகத்துக்கு வரவும்.

எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு முறை அல்ல. நான் நினைத்தது இதுதான்: அது வேறு குழந்தை. என் பெண்ணுக்கு ஆறு வயது. என் பெண்ணுக்கு அவள் பெயர், என் பெயர், வீட்டு விலாசம், உன் போன் நம்பர், என் போன் நம்பர் எல்லாம் தெரியும். நீ அவளுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறாய். மஞ்சள் சட்டையா? ஊரில் எத்தனை மஞ்சள் சட்டை. எப்படித்தான் வளர்க்கிறார்களோ என்று முதல் கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அதை நான் இட்டுக்கட்டவில்லை. அலுவலகத்தின் வாசல் வழியாகவே கரடிக் கூண்டுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது மனதில் அப்படியே நினைத்தேன்.

கூட்டம் வெளியேறத் தொடங்கியதும் அலுவலகத்துக்குள் போனேன். ஆறு வயதுப் பெண்ணைக் காணவில்லை என்றேன். மைக் முன்னால் இருந்த அம்மா, எங்களிடம் நாலு வயதுக் குழந்தைதான் இருக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் ராங்கி உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலை வாயில் வைத்திருந்தாள். அந்தப் பழக்கத்தை அவள் எப்போதோ விட்டுவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். நாலு வயது இப்படித்தான் இருக்கும் என்று அவளே யோசித்துச் செய்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. அங்கே சீருடைக் காவலர் ஒருவர் நின்றிருந்தார், வாசலில் டிக்கெட் கிழிப்பவர் போட்டிருக்கும் அதே காக்கி. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஆறு என்கிறேன், பிள்ளை நாலு என்கிறது. அந்த அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சந்தேகப்படாவிட்டால்தான் தப்பு. உன் வயசு என்ன கண்ணு என்று அவர் மறுபடி கேட்டார். ராங்கி விரலை வாயிலிருந்து எடுக்காமல் மற்ற கையில் நாலு விரல் காட்டினாள்.

சொல்லலாம்மா என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்தது பார், பெயர், வகுப்பு, தெரு, மாடி, என் நம்பர், உன் நம்பர், உன் வார்டு எந்த மாடி என்பது வரை, மூச்சு விடாமல். அந்த அம்மா மைக்கை மூடினார். நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து தெருவைக் கடந்த பிறகுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்:

"நான் சொல்லவே இல்லப்பா. அந்த அத்தை எத்தனை தடவை கேட்டாங்க தெரியுமா?"

இதில் தமாஷ் எதுவும் இல்லை. கிழிக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.


மார்ச் 11

ராங்கி அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. அறைத்தோழிக்குப் படித்தும் காட்டவில்லை.

பிள்ளை தொலைவது எல்லோருக்கும் நடக்கும். என் கையிலிருந்தும் நழுவியிருக்கும். யானைக்கும் அடி சறுக்கும். நான் அதற்காக உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்த நாற்காலி. தன்னை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய எல்லாவற்றையும் அவள் அறிந்திருந்தாள். அறிந்ததை வாய்க்குள் வைத்து அதன்மேல் கட்டைவிரலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நமக்கு நல்ல பிள்ளையாக இருப்பதற்காக. ஆமாம், நமக்கு. பத்து விரலையும் மடக்கியவள் அவள்தானே. நான் வராததை அவள் போனில் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று அவளுக்கு யார் சொன்னது என்று இப்போது யோசிக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே அவளுக்கு என் கட்டிலில் பாதி கிடைக்கும். இரவு ஷிஃப்ட் வரும்போது அறைத்தோழி பார்த்துக்கொள்வாள். பெரிய சொர்க்கம் ஒன்றும் இல்லை. உருண்டையைப் பிரிந்து அவள் எப்படி இருப்பாள் என்பதும் தெரியவில்லை. அதனால் நானே முடிவு செய்ய மாட்டேன், உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன்.

அவளை மறுபடி அதே வாசலுக்கு அழைத்துப் போங்கள். முன்கூட்டி எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். டிக்கெட் கொடுப்பவர் வயதைக் கேட்கட்டும். உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவள் ஆறு என்று சொன்னால், அவள் அங்கேயே இருக்கட்டும். நான் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன், அதற்கு மேல் பேச மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால், என்னிடம் அனுப்புங்கள்.

சாட்சி யாரும் இல்லை. நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ அதுதான் எனக்குத் தெரியும்.

ராங்கி அம்மா


மார்ச் 18

ராங்கி அம்மாவுக்கு,

நேற்று போனோம். உருண்டையைக் கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம் விட்டுவிட்டேன். அவன் இருந்தால் அவனைப் பார்த்துச் சிரித்துத் தப்பித்துக்கொள்வேன் என்று எனக்கே தோன்றியது. பஸ்ஸில் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். வாசலை நெருங்கியதும் படிப்பதை நிறுத்திவிட்டாள். நாலு வயதுக்குப் படிக்கத் தெரியாது.

வரிசை நீளமாக இருந்தது. ஜன்னலில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர். எங்கள் முறை வந்ததும் நான் கட்டணப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாப்பாவுக்கு என்ன வயசு என்று கேட்டார். பதில் வரவில்லை. பலகையில் இருந்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். பிறகு என் சட்டை நுனி இழுபட்டது. பார்த்தேன். அவள் பயப்படவில்லை, அழவில்லை. கடையில் வேலைக்கு நிற்கிற பெண் முதலாளியிடம் அன்றைய விலையைக் கேட்பதுபோல, வேலையில் கவனமாக, நிமிர்ந்து கேட்டாள்:

"இன்னைக்கு எத்தனைப்பா?"

பெரியவர் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆறு என்றேன். "சரி" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி ஆறு என்று தெளிவாகச் சொன்னாள். டிக்கெட்டை அவள் கையிலேயே கொடுத்தார்கள். நாள் முழுக்க ஒரு கையில் அந்த டிக்கெட், இன்னொரு கையில் என் சட்டை நுனி. இரண்டையும் விடவில்லை. நீர்யானை வாயைத் திறக்கவே இல்லை. எடை மெஷின்காரன் அங்கேதான் இருந்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நீ இங்கே இல்லை. முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள் என்று நான் எழுதியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், முதலில் எழுதிய கடிதம் அப்படித்தான் இருந்தது. நன்றாகவும் வந்திருந்தது. பெரியவர் அவளைப் பாராட்டுவதுபோல ஒரு வரிகூட இருந்தது. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குச் சம்மதம் என்று எழுதிவிடு. விண்ணப்பத்தை அனுப்பினால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். பிறந்த தேதியை நீயே எழுதிக்கொள். பச்சை ஸ்வெட்டர் அவளுக்குச் சின்னதாகிவிட்டது, அங்கே குளிர் என்றால் புதிது எடுக்க வேண்டும். இரவில் உருண்டைக்கு அவள்தான் விளக்கை அணைப்பாள். அதை இனி நான் செய்ய வேண்டும், அவனுக்கு அது செல்லுமா என்று தெரியவில்லை.

ஜூன் முதல் வாரம் ரயிலில் கொண்டுவந்து விடுகிறேன். அவளுக்கு அரை டிக்கெட் எடுக்கிறேன். பரிசோதகர் வந்து வயதைக் கேட்கும்போது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் திரும்ப மாட்டேன்.

ராங்கி அப்பா